நாலாம் சரிவில் சைபர்

ஜனவரி 11, சனி

சங்கிலிமுடி எஸ்டேட், மேல் டிவிஷன், நாலாம் லயம், ஏழாம் எண் வீட்டிலிருந்து ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: எட்வின் அவர்களின் இடது கால் செருப்பு இன்று காலை 7.10 மணியளவில், தேயிலைக்காட்டு வாய்க்காலைத் தாண்டும்போது வார் அறுந்து இயற்கை எய்தியது. அன்னாருக்கு வயது ஒன்றரை. வலது கால் செருப்பு துக்கம் தாளாமல் வாசலில் தனியாகக் கிடக்கிறது. நல்லடக்கம் மாலை நான்கு மணிக்குக் குப்பைக் குழியில். மலர்வளையம் வேண்டாம். புதுச் செருப்பு வேண்டும்.

இதை எழுந்து நின்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பதினாறு வயசு எருமை, செருப்புக்குக் கருமாதி பண்ணுது" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த செய்தி கொஞ்சம் சின்னது. அப்பா பாறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். அப்பா சேசுராஜ் வனத்துறையில் வாட்சர். எஸ்டேட்டுக்கு மேலே சங்கிலிப்பாறை முகாமில் வாரம் முழுக்க இருப்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. எலும்பு முறியவில்லையாம். நடக்கக்கூடாது, ஆனால் ஜீப்பில் ஏற்றிவிட்டால் முகாமில் உட்கார்ந்து பைனாகுலரில் வரையாடுகளைப் பார்க்கலாமாம். "கால்தானடா பிசகுச்சு, கண்ணா பிசகுச்சு?" என்கிறார். இது குட்டி போடும் மாதம். ஆடுகளை எண்ணாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

வரையாடு படம் வரையாது. வரை என்றால் மலை என்று தமிழ் ஐயா சொன்னார். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று வீட்டுக்கு டாக்டரக்கா வந்தார். பெயர் நர்மதா, நாமக்கல் பக்கம். காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். மூடிக் கிடந்த எஸ்டேட் பால்வாடியைக் கேட்டு வாங்கி மைக்ராஸ்கோப், ஐஸ் பெட்டி எல்லாம் வைத்து மூன்று வாரமாக அங்கேயே தங்கியிருக்கிறார். காரணம், கடமான். சதுப்புக்குப் பக்கத்தில் ஒரே மாதத்தில் மூன்று கடமான்கள் செத்துக் கிடந்தன. சுடவில்லை, செந்நாய் கடிக்கவில்லை. படுத்த இடத்திலேயே போய்விட்டன. ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்ததாம்.

"எல்லாம் உண்ணிண்ணா" என்றார் அப்பாவிடம்.

"உண்ணி கடிச்சாலே செத்துருமாக்கா?" இது நான்.

"உண்ணி சும்மா பஸ்ஸு மாதிரிடா தம்பி. உள்ள ஏறி வர்ற ஆளுதான் வில்லங்கம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ரத்தத்துல சிவப்பணுவுக்குள்ளயே குடியேறிரும். அதை உடைச்சுட்டு அடுத்த அணுவுக்குப் போகும். கடைசியில ரத்தமே தண்ணியாப் போயிரும்."

"டிக்கெட் எடுக்காமலா வருது?"

அப்பா முறைத்தார். டாக்டரக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடியே விஷயத்துக்கு வந்தார். கடமான்கள் நக்குவதற்கு வனத்துறை வைத்த உப்புக்கட்டி சதுப்போரம் இருக்கிறது. உப்புக்காக எல்லாம் அங்கே கூடுவதால் உண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. உப்பை உண்ணி இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். எங்கே இல்லை என்று தெரிய நான்கு இடங்களில் உண்ணி எண்ண வேண்டும். முதல் மூன்றை மற்ற வாட்சர்கள் பார்ப்பார்கள். நாலாம் சரிவு, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே கடைசித் தேயிலை முடிகிற இடத்திலிருந்து வரையாட்டுப் பாறை அடிவாரம் வரை உள்ள புல், அப்பாவுடையது. அப்பாவுக்கோ கால் இல்லை.

"நான் போறேன்க்கா" என்றேன்.

"இவனா?" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

"எட்வினே பண்ணட்டும். புக்குல நீங்க கையெழுத்துப் போட்டுருங்க சேசண்ணா" என்றார் டாக்டரக்கா. அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெருமையா பயமா, தெரியவில்லை.

வேலை இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளை ஃபிளானல் துணி. ஒரு விளிம்பில் மூங்கில் கம்பு, கம்பில் கயிறு. புல்லின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏதோ மிருகம் போகிறதென்று நினைத்து உண்ணி துணியில் தொற்றும். பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, புரட்டிப் பார்த்து, பொறுக்கி ஸ்பிரிட் புட்டியில் போட்டு எண்ணிக்கையை எழுத வேண்டும். ஐம்பது மீட்டரில் ஐந்து வரிசை. சனிக்கிழமை தோறும்.

"ஒண்ணே ஒண்ணு. பனி காஞ்ச பெறகு, பத்து மணிக்கு மேலதான் இழுக்கணும்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வைத்திருப்பார்கள். மாத்திரைக்கு, ஜெபத்துக்கு, இப்போது உண்ணிக்கு.

ஜனவரி 18, சனி

துணிந்தவன் கையில் துணி! முதல் நாள் வேலை வெற்றி.

டிவிஷன்களுக்கு இடையில் பொங்கல் கோப்பை இன்றுதான் ஆரம்பம். கீழ் டிவிஷன் மைதானத்தில் ஒன்பது மணிக்கு டாஸ். பத்து மணிக்கு மேல் உண்ணி பிடித்துக்கொண்டிருந்தால் மேல் டிவிஷனை யார் காப்பாற்றுவது? ஆறரைக்கே போய்விட்டேன். புல் முழுக்கப் பனி, முழங்கால் வரை நனைந்துவிட்டது. துணி கனத்துப் போய் இழுக்கவே வரவில்லை. ஐந்து வரிசையையும் முடித்தேன். சைபர், சைபர், சைபர், சைபர், சைபர். புட்டியில் ஸ்பிரிட் மட்டும் தனியாக ஆடியது.

புக்கின் படிவத்தில் "நேரம்" என்றொரு கட்டம் இருக்கிறது. 10.15 என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. "பனி" என்ற கட்டத்தில் "இல்லை". நான் எழுதி முடிக்கும்போது உண்மையிலேயே எங்காவது காய்ந்திருக்கும்.

மேட்ச்: மேல் டிவிஷன் 12 ஓவரில் 88க்கு 6. அடியேன் 34. ஏழாவது ஓவர் நாலாவது பந்து தேயிலைக்குள் போய் இன்னும் கிடைக்கவில்லை. கேப்டன் ரூபன் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, "கிரிக்கெட் ஆடுன சட்டையாடா இது? ஒரு பொட்டு மண்ணு இல்ல" என்றார். நான் விழாமல் ஆடுகிறவன் என்று விளக்கினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா கையெழுத்துப் போட்டார். படிக்கவே இல்லை. "எம்புள்ள எழுதுனதை நான் என்ன படிச்சுக் கிழிக்கிறது" என்றார்.

இதுவரை ஐந்து குட்டி என்றார். சொல்லும்போது விரலை விரித்துக் காட்டினார், எனக்கு எண்ணத் தெரியாத மாதிரி.

ஜனவரி 25, சனி

நாலாம் சரிவு: சைபர். எதிரணி: 71 ஆல் அவுட், நான் மூன்று விக்கெட். இரண்டு இடத்திலும் நான் யாரையும் விட்டுவைக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் தந்தார்கள். திரும்பும் வழியில் பால்வாடிக்குப் போனேன். டாக்டரக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் இருந்தார். நாலாவது கடமான் நேற்று.

"பாக்குறியா?"

பார்த்தேன். வெளிர்சிவப்பாக வட்டம் வட்டமாக நிறைய. சிலவற்றுக்குள் ஊதா நிறத்தில் சின்ன வளையம், ஓரத்தில் ஒரு புள்ளி. கல் வைத்த மூக்குத்தி மாதிரி.

"அழகா இருக்குக்கா."

"ம். நூறு அணுவுல நாப்பதுல இருக்கு."

"மானே மூக்குத்தி போட்டிருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மேசைக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடி ஒன்று கிடந்தது. குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"உன் சரிவு ரெண்டு வாரமா சுத்தமா இருக்கே. ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்லக்கா. நாலாம் சரிவு நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு."

அவர் சிரித்தார். பிறகு, சிரிப்பு போய், "காத்து அடிக்கிற சரிவு. காஞ்சு கெடக்கும். இருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிப்ரவரி 1, சனி

சைபர். ஆறு நாற்பதுக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடித்தேன். புக்கில் 10.20. ஒரே நேரத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் நன்றாக இருக்காது.

மேட்ச் தோல்வி. நான் 19, அம்பயர் சதி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டதால் குறுக்கு வழியில் நாலாம் சரிவைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து கால் அரிப்பு. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் புள்ளி புள்ளியாக இருந்தது.

"என்னடா இது, கடுகு தாளிச்ச மாதிரி" என்று அம்மா மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பதினொன்று.

"மைதானத்துல ஒட்டியிருக்கும்" என்றேன்.

பிப்ரவரி 8, சனி

சைபர். நான்கு வாரம், இருபது வரிசை, இருபது சைபர். மற்ற மூன்று இடத்திலும் ஒரு வரிசைக்கு முப்பதுக்குக் குறையாமல் வருகிறதாம். சதுப்பில் எண்பதைத் தாண்டியது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வரலாற்று நாள். ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். அவர் ரேஞ்சே தனி. புக்கைப் புரட்டி, "நாலுதான் க்ளீன். உப்பை அங்க மாத்திடுங்க" என்றார். டாக்டரக்கா மட்டும், "ஒரு தடவ நானும் இழுத்துப் பாத்துடறேன் சார்" என்றார். "நாலு வாரம் ரெக்கார்டு இருக்கே டாக்டர். அதுக்குள்ள இன்னும் எத்தனை மான் போகணும்?" என்றார் ரேஞ்சர். டாக்டரக்கா என்னைப் பார்த்தார். நான் விறைப்பாக நின்றேன், சல்யூட் அடிக்காத குறை.

சாயங்காலம் நாலு பேர் உப்புக்கட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் நாலாம் சரிவின் மேல்விளிம்பில், பாறை தொடங்கும் இடத்தில் வைத்தார்கள். ரேஞ்சர் என் தோளில் தட்டினார். "சேசு, பையன் உன்னை மாதிரியே" என்றார் அப்பாவிடம். முகாமுக்குத் திரும்பும் முன் அப்பா, அங்கே தனக்கு மட்டும் என்று வைத்திருக்கும் கடலை மிட்டாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்றும் சைபர்.

அப்பா நொண்டாமல் நடக்கிறார். உண்ணி எண்ணுவது மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்றார். வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்: "லூர்து, ஆடெல்லாம் உப்புக்கு எறங்கிருச்சு. பால் குடுக்கிற தாய்ங்கதான் மொதல்ல. பின்னாடியே குட்டிங்க. எல்லாம் சரிவுல படுத்துக் கெடக்கு, ஏதோ மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரி."

"எத்தனைப்பா?"

"பெருசு இருவத்திநாலு. குட்டி ஏழு. முப்பத்தொண்ணு." பன்னிரண்டு வருடமாக எண்ணுகிறார். முப்பதைத் தாண்டியது இதுதான் முதல் தடவையாம்.

என்னால்தான் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

சைபர். மேட்ச்: அரையிறுதி. நான் 41. முழுதாக எழுத நேரமில்லை. அப்பா வாக்கிடாக்கியில் டாக்டரக்காவைக் கூப்பிட்டார். ஒரு தாய் ஆடு கூட்டத்தோடு பாறை ஏறாமல் உப்புப் பக்கத்திலேயே படுத்திருக்கிறதாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அது செத்துவிட்டது. தூளி கட்டி இறக்கினார்கள். நான் கீழே நின்றேன். இவ்வளவு நாளும் பாறைமேல் புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் பெரிதாக இருந்தது. கண் திறந்திருந்தது. டாக்டரக்கா உதட்டைப் புரட்டிக் காட்டினார். ஈறு வெள்ளை. மடியில் பால் இருந்தது. அதன் குட்டி மேலே பாறை விளிம்பில் நின்று கத்தியது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் அதே மூக்குத்தி. டாக்டரக்கா பார்க்கச் சொல்லாமலே பார்த்தேன்.

"கடமான்ல இருந்தது இதுக்கும் வந்துருச்சு. எங்க வாங்குச்சு இது? நாலாம் சரிவு சுத்தம். அப்ப பாறைக்கு மேல இருக்கிற சோலைக்காட்டு ஓரந்தான்" என்று வரைபடத்தில் வட்டம் போட்டார்.

அப்போது பேச்சியப்பன் அண்ணன், சதுப்பு எண்ணும் வாட்சர், புட்டியோடு வந்தார். "இன்னைக்கு ஒண்ணுமே வரல டாக்டரம்மா. நேத்து வர முடியல, அதான் இன்னைக்கு வெள்ளனவே இழுத்துட்டேன்."

"எத்தனை மணிக்குண்ணா?"

"ஏழரை இருக்கும்."

"அது கணக்குல சேராதுண்ணா. ஈரத் துணியில உண்ணி ஏறாது. பனி இருந்தா அது புல்லடிக்குப் போயிரும். அங்க ஆயிரம் இருந்தாலும் சைபர்தான் வரும். நாளைக்குப் பத்து மணிக்கு மேல இன்னொருக்கா இழுத்துருங்க."

"சரிம்மா" என்று போய்விட்டார். அவ்வளவுதான். அவருக்கு அது அவ்வளவு லேசாக இருந்தது.

பிறகு டாக்டரக்கா அப்பாவிடம் சொன்னார்: "ஆடுங்க மேல சோலைக்குப் போகாமப் பாத்துக்கணும்ணா. நாலாம் சரிவுல இன்னும் ரெண்டு உப்புக்கட்டி வெச்சுருவோம். அங்கயே நிக்கட்டும். அதுதான் சுத்தமான எடம்."

மத்தியானம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

பிப்ரவரி 25, செவ்வாய்

வேதியியல் தேர்வு. பரவாயில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இன்னும் ஒன்று. இதுவும் தாய். முதல் ஆட்டின் குட்டியை மற்ற ஆடுகள் முட்டித் தள்ளுகின்றன என்று அப்பா சொன்னாராம். அம்மா சொன்னார். அம்மா அதைச் சொல்லிவிட்டு அரிசி களைந்துகொண்டே இருந்தார், தண்ணீர் தெளிந்த பிறகும்.

மார்ச் 1, சனி

மேட்சுக்குப் போகவில்லை. இறுதிப் போட்டி. கால் வலி.

பத்தரை மணிக்கு நாலாம் சரிவுக்குப் போனேன். துணி காய்ந்திருந்தது. புல்லும். ஒரே ஒரு வரிசை இழுத்தேன். முதல் பத்து மீட்டரில் துணியைப் புரட்டினேன்.

எவ்வளவு என்று எழுத விருப்பமில்லை.

மேலே உப்புக்கட்டிகளைச் சுற்றி ஆடுகள் படுத்திருந்தன. குட்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. கல்லை எடுத்து வீசினேன். கத்தினேன். பாறைக்கு ஓடின. அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டன. உப்பு அங்கேதானே இருக்கிறது.

புக்கில்: "மழை. இழுக்கவில்லை."

மார்ச் 2, ஞாயிறு

டாக்டரக்காவிடம் சொல்லிவிட்டேன். நேருக்கு நேர் நின்று, சிங்கம் மாதிரி.

மார்ச் 3, திங்கள்

சொல்லவில்லை. பால்வாடி வாசல் வரை போனேன். "என்னடா?" என்றார். "டீ வேணுமாக்கா?" என்றேன். "வேணாண்டா." திரும்பி வந்துவிட்டேன். சிங்கம் டீ கேட்டுவிட்டு வந்தது.

மார்ச் 5, புதன்

இரண்டு பெரியது. இரண்டு குட்டி. முட்டித் தள்ளப்பட்ட குட்டியை நேற்றிலிருந்து காணவில்லை.

டாக்டரக்கா நான்கு நாளாக மேல் சோலையில் இழுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே அதிகம் கிடைக்கவில்லை. "எங்கயோ தப்புப் பண்றேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். கை முழுக்க முள் கீறலாம். நாளை மூன்றாவது தடவை உப்பு வைக்கப் போகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பால்வாடிக்கு நடந்தேன்.

அப்பாவும் இருந்தார். ஒரு தாய் ஆட்டைத் தோளில் சுமந்து இறக்கியிருந்தார், சட்டையெல்லாம் ரோமம். டாக்டரக்கா அதன் காது நரம்பில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். வாசல் ஓரம் உப்புக்கட்டிகள் சாக்கில் தயாராக இருந்தன.

"என்னடா, பள்ளிக்கூடம்?" என்றார் அப்பா.

"அக்கா, நான் பத்து மணிக்கு இழுக்கல."

அவர் நிமிரவில்லை. "எது?"

"நாலாம் சரிவு. ஆறரைக்கு இழுத்தேன். ஒவ்வொரு வாரமும். பனி இருந்துச்சு. துணி நனைஞ்சிருச்சு. நேரத்தை நானா எழுதினேன்." மூச்சு வாங்கியது. "சனிக்கிழம காய்ஞ்ச துணியில இழுத்தேன்க்கா. பத்து மீட்டர்ல முப்பத்தாறு."

டாக்டரக்காவின் கையில் ஸ்லைடு அப்படியே நின்றது. அவர் ஏதாவது கத்துவார் என்று காத்திருந்தேன். அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அப்பா இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார். "முகாம், முகாம். பேச்சி, கேக்குதா? நாலாம் சரிவு உப்பை எடு. எல்லாக் கட்டியும். ஆமா, இப்பவே. ஆட்டைப் பாறைக்கு ஏத்து. நக்குன மண்ணையும் வெட்டி எடுத்துரு. நான் வர்றேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பிறகு டாக்டரக்காவைப் பார்த்து, "புக்குல இருக்கிறது எங்கையெழுத்து டாக்டரம்மா. ஒரு வாரங்கூட நான் படிக்கல. ரேஞ்சர்கிட்ட அப்படியே சொல்லுங்க" என்றார்.

"நான் ஒரு தடவ இழுத்துப் பாத்திருக்கணும்ணா. கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்."

ஆளுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அடியைவிட மோசமாக இருந்தது. என் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

அப்பா வெளியே போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ரேஞ்சர் வந்தார். பால்வாடிக் கதவு சாத்தியிருந்தது. அப்பா உள்ளே ஒரு மணி நேரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் முகாமிலிருந்து எண்ணிக்கை வந்தது. பெரியது பத்தொன்பது. குட்டி நான்கு. இருபத்து மூன்று. உப்பு எடுத்த பிறகு ஆடுகள் பாறை உச்சிக்குப் போய்விட்டன. கடித்தது கடித்ததுதான் என்பதால் இன்னும் இரண்டு வாரத்துக்கு எதுவும் உறுதியில்லை என்றார் டாக்டரக்கா.

அப்பா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். ரேஞ்சர் அறிக்கை கேட்டிருக்கிறாராம், வேலை இருக்குமா என்று தெரியவில்லையாம். அதை அம்மாவிடம்தான் சொன்னார். என்னிடம், "பத்து மணிக்கு டாக்டரம்மா சரிவுக்கு வரச் சொன்னாங்க" என்றார். மூன்று நாளில் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை.

போனேன். புல்லைக் கையால் தடவிப் பார்த்தோம். காய்ந்திருந்தது. ஆளுக்கொரு முனை கயிற்றைப் பிடித்து ஐந்து வரிசையும் இழுத்தோம். நான் பொறுக்கினேன், டாக்டரக்கா எழுதினார். மொத்தம் இருநூற்று நாற்பத்தேழு. புட்டி அடியில் மிளகு கொட்டிய மாதிரி கிடந்தது.

பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி, என் சைபர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். முப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "தெரியாது" என்று எழுதினார். நேரக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் புக்கையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். சரியான நேரத்தை எழுதினேன். 6.30. 6.30. 6.40. கடைசிப் பக்கத்தில் "மழை" என்பதையும் அடித்தேன். எழுதும்போது பேனா கீறும் சத்தம் கேட்டது.

"எதுக்குடா அவ்வளவு காலையில போன?" என்றார். கோபம் இல்லை. களைப்பு.

"மேட்ச் இருந்துச்சுக்கா. ஒம்பது மணிக்கு."

"நீ பெரிய ஆட்டக்காரனாமே. அம்மா சொன்னாங்க. முப்பத்திநாலு, நாப்பத்தொண்ணுன்னு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

"ஆடலக்கா" என்றேன். "டீம்ல என்னைச் சேக்கல. ஒரு மேட்சுலயும் எறக்கல. சீக்கிரம் போனா யாராச்சும் வராம இருந்து எடம் கெடைக்கும்னு போனேன். எல்லாரும் வந்துட்டாங்க."

"அப்ப ஆறு வாரமும் அங்க என்ன பண்ண?"

"ஸ்கோர் எழுதினேன்."

அவர் துணியைச் சுருட்ட ஆரம்பித்தார். நான்தான் சும்மா இராமல், அந்த நேரத்தில் எதற்கென்று தெரியாமலே, இன்னும் சொன்னேன்:

"அது சரியா இருக்கும்க்கா. ஒரு பந்துகூட விடல. வைடு, நோபால், லெக்பை, எல்லாம்."